தோளில் இருந்த கை: ஃபோட்டோஷாப்பில் நீக்கும் வேலையில் நான் கற்றது

மாமா தவறிப்போன ஒன்பதாம் நாள் ராத்திரி, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற பட்டர்வொர்த்திலிருந்து அத்தை மகன் போன் செய்தான். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெரிய படம் வேண்டும், மாமா படம் எடுத்துக்கொள்ளவே விரும்பாதவர், தேடித் தேடி ஒன்று கிடைத்திருக்கிறது என்றான்.

"நல்லா சிரிச்ச முகமா இருக்கறது இது ஒண்ணுதான் மச்சான். பின்னால கசகசன்னு இருக்கு. அதெல்லாம் எடுத்துட்டு அப்பா மட்டும் நிக்கற மாதிரி செஞ்சு குடு."

படம் வாட்ஸ்அப்பில் வந்தது. தைப்பூசத்துக்கு முதல் நாள், முருகனின் வெள்ளி இரதம் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக் கோவிலுக்குப் போகும் வழியில், டத்தோ கெராமாட் சாலையில் எடுத்தது. வேட்டி கட்டி, தோளில் சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துண்டோடு, உடைக்க அடுக்கிவைத்த தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் மாமா நிற்கிறார். பின்னால் ஒரு பழைய கடைவீடு, பச்சை மரப்பலகைச் சட்டம் வைத்த ஜன்னல். இடுப்புக்குப் பக்கத்தில் யாரோ நிறுத்திய மோட்டாரின் கண்ணாடி நீட்டிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே ஒரு கம்பி. வலது பக்கம் ஒரு குடை. இடது தோளில், பின்னாலிருந்து வந்த நான்கு விரல்கள். மாமா ஆறடி ஆள், அகலமும் கூட. விரல்களுக்குச் சொந்தக்காரர் அவருக்குப் பின்னால் முழுக்க மறைந்திருந்தார்.

"அந்தக் கை?" என்று கேட்டேன்.

"தெரியல. கூட்டத்துல யாரோ. எடுத்துடு."

நான் 2003-இல் ஜோர்ஜ் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தவன். அதற்கு முந்தைய வருடம்தான் சுற்றியிருக்கிற நிறத்தோடு கலந்து ஒட்டுப்போடுகிற ஹீலிங் பிரஷ், படம் திருத்தும் மென்பொருளான ஃபோட்டோஷாப்புக்குள் வந்திருந்தது. முதலாளி அதைத் தொட விடமாட்டார், ஓரிடத்தை அப்படியே நகலெடுத்து இன்னோரிடத்தில் பூசுகிற குளோன் ஸ்டாம்பில்தான் எல்லாம் செய்ய வேண்டும். பிறகு 2010-இல், படத்தின் மற்ற இடங்களிலிருந்து துணுக்குகளை எடுத்துத் தானே நிரப்புகிற கன்டென்ட் அவேர் ஃபில் வந்தது, 2023-இல், தேய்த்த பொருளைத் தானே நீக்குகிற ரிமூவ் டூல் வந்தது, அதே வருடம் ஏஐ நிரப்புவதும் வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் வேலை சுலபமாகிறது என்பது உண்மை. ஆனால் என்னிடம் வந்து "அண்ணே, டூல் வேலை செய்யல" என்று சொல்கிறவர்களின் எண்ணிக்கை குறையவே இல்லை. பெரும்பாலும் டூலில் கோளாறு இருப்பதில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி இருப்பவைதான் லேயர்கள். எந்த லேயரில் நிற்கிறோம், அந்த டூல் எந்த லேயரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, இந்த இரண்டும் தெரியாமல் வேலை செய்வதால்தான் முக்கால்வாசிச் சிக்கல். அன்று ராத்திரி எனக்கும் அதுதான் நடந்தது.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு தப்பு செய்தேன். வாட்ஸ்அப்பில் வந்த படத்தையே திறந்து இரண்டு மணி நேரம் வேலை பார்த்தேன். துக்கத்தில் இருக்கிறவர்களிடம் மறுபடி போன் போட்டுக் கேட்க மனம் வரவில்லை. நடுராத்திரிக்கு மேல் அளவைப் பார்த்தபோதுதான் உறைத்தது: 1600க்கு 1200 பிக்சல். மாமாவை மட்டும் நெடுக்காக வெட்டினால் மிஞ்சுவது 800க்கு 1200. கேட்டிருப்பது 12க்கு 18 அங்குலப் படம். ஓர் அங்குலத்துக்கு 66 பிக்சல்தான் கிடைக்கும், சுவரில் மாட்டினால் மூக்கும் கண்ணும் மாவு மாதிரி தெரியும். அது மட்டுமில்லை. ஜேபெக் படத்தை நன்றாகச் சுருக்கும்போது, அது எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக உடைகிறது. ஹீலிங் பிரஷ் அந்தக் கட்டங்களையும் துணியின் நெசவு என்று நினைத்து அள்ளிக்கொண்டு வந்து பூசும். எவ்வளவு பொறுமையாகச் செய்தாலும் ஒட்டுப்போட்டது தெரிந்துகொண்டே இருக்கும்.

காலையில் கேட்டேன். படத்தை எடுத்தது பக்கத்து வீட்டுப் பெண், அவள் போனில் அசல் இருந்தது. வாட்ஸ்அப்பிலேயே 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்னேன், அப்படி அனுப்பினால் சுருங்காது. 4000க்கு 3000 வந்தது. வெட்டிய பிறகு 2000க்கு 3000, அங்குலத்துக்கு 166 பிக்சல். நான்கைந்து அடி தள்ளி நின்று பார்க்கிற படத்துக்கு இது தாராளம். நீக்கும் வேலையைத் தொடங்கும் முன் அசல் படத்தைக் கேட்டு வாங்குங்கள், எவ்வளவு சங்கடமாக இருந்தாலும்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

காலை வெயில் மாமாவின் பின்னாலிருந்து வந்ததால் முகம் இருட்டடித்திருந்தது. எனக்கு அவர் முகத்தை முதலில் பார்க்க வேண்டும் போல இருந்தது. அசலைத் தொடாமல் வெளிச்சத்தை மாற்றுகிற கர்வ்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் ஒன்று போட்டு வெளிச்சத்தை ஏற்றினேன். பிறகு அடியில் இருக்கிற அசல் படமான பேக்ரவுண்டைக் கிளிக் செய்து அதன் மேல் காலி லேயர் ஒன்றைத் திறந்தேன். ரிமூவ் டூலை எடுத்து 'சாம்பிள் ஆல் லேயர்ஸ்' டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மோட்டார் கண்ணாடியின் மேல் தேய்த்தேன். கண்ணாடி போனது. அது இருந்த இடத்தில் சுவர் வெள்ளை வெளேரென்று வந்தது. சுற்றிலும் இருக்கிற சுவரைவிட இரண்டு மடங்கு வெளிச்சம்.

டூலைக் குறை சொல்லிக்கொண்டு மூன்று தடவை திரும்பச் செய்தேன். நான்காவது தடவைதான் லேயர் பட்டியலைப் பார்த்தேன். அடியில் பேக்ரவுண்ட், நடுவில் என் ஒட்டு லேயர், மேலே கர்வ்ஸ். 'எல்லா லேயரையும் பார்' என்று நான் சொன்னதால், டூல் கர்வ்ஸ் வழியாக வெளிச்சம் ஏறிய சுவரைப் பார்த்தது. அந்த வெளிச்சத்தோடு பிக்சல்களை எடுத்து வந்து கர்வ்ஸுக்குக் கீழே வைத்தது. கர்வ்ஸ் அதன் மேல் இன்னொரு தடவை வெளிச்சத்தை ஏற்றியது. சட்டைக்கு இரண்டு தடவை நீலம் போட்ட மாதிரி.

சிலர் இதற்கு ஒட்டு லேயரை எல்லாவற்றுக்கும் மேலே, கர்வ்ஸுக்கும் மேலே வைத்துவிடுவார்கள். அப்போதைக்குச் சரியாகத் தெரியும். நாளைக்கு வாடிக்கையாளர் வந்து 'முகம் இன்னும் கொஞ்சம் வெளிச்சமா வேணும்' என்று சொல்லி, நீங்கள் கர்வ்ஸை மாற்றினால், படம் முழுக்க மாறும், ஒட்டுகள் மட்டும் பழைய வெளிச்சத்தில் திட்டுத் திட்டாக நிற்கும். அதனால் ஒட்டு லேயர்கள் பேக்ரவுண்டுக்கு நேர் மேலேயும், வெளிச்சம் நிறம் மாற்றுகிறவை அவற்றுக்கு மேலேயும் இருக்க வேண்டும். குளோன் ஸ்டாம்பிலும் ஹீலிங் பிரஷ்ஷிலும் 'கரண்ட் அண்ட் பிலோ' என்று ஒன்று உண்டு, இந்த லேயரையும் இதற்குக் கீழே இருப்பதையும் மட்டும் பார் என்று அர்த்தம். அதைத் தேர்ந்தெடுத்தால் மேலே என்ன இருந்தாலும் கவலையில்லை. சின்னப் புள்ளிகளைத் தொட்டு அழிக்கிற ஸ்பாட் ஹீலிங்கிலும் ரிமூவ் டூலிலும் அந்த வசதி இல்லை, ஒரே ஒரு டிக்தான். அவற்றைப் பயன்படுத்தும்போது அட்ஜஸ்ட்மென்ட் லேயர்களின் கண் குறியை அணைத்து அவற்றை மறைத்துவிட்டு வேலை செய்து, முடிந்ததும் திறந்துவிடுவேன். நான் அவற்றையெல்லாம் ஒரே குரூப்பில் போட்டுவைப்பதே இதற்காகத்தான். ஒரு கிளிக்கில் அணையும், ஒரு கிளிக்கில் எரியும்.

டூல் எதுவுமே செய்யாமல் சும்மா இருப்பது வேறு விஷயம். போனில் என்னைக் கூப்பிடுகிற தம்பிகள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். நான் முதலில் கேட்கிற கேள்வி: "செலக்ட் மெனுவில் டீசெலக்ட் என்பது அழுத்துகிற மாதிரி கறுப்பாக இருக்கிறதா, மங்கலாக இருக்கிறதா?" கறுப்பாக இருந்தால் எங்கோ ஒரு செலக்ஷன், அதாவது தேர்ந்தெடுத்த பகுதி, உயிரோடு இருக்கிறது. அதைச் சுற்றி ஓடுகிற எறும்புக் கோடு கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் எப்போதோ கை தவறி கண்ட்ரோலும் ஹெச்சும் அழுத்தி அதை மறைத்திருப்பார்கள். அல்லது படத்தின் ஒரு மூலையில் பத்துப் பிக்சல் அளவுக்கு ஒரு செலக்ஷன் விழுந்து கிடக்கும். செலக்ஷனுக்கு வெளியே எந்த பிரஷும் வேலை செய்யாது. கண்ட்ரோலும் டியும் அழுத்தினால் தீர்ந்தது. ஒரு தடவை பிறை என்ற ஊரிலிருந்து ஒரு தங்கச்சி ஃபோட்டோஷாப்பையே அழித்துவிட்டு மறுபடி போடப் போவதாகச் சொன்னாள். கண்ட்ரோல் டியில் முடிந்தது.

அது இல்லையென்றால், காலி லேயரில் நின்றுகொண்டு 'சாம்பிள் ஆல் லேயர்ஸ்' டிக் போடாமல் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். காலியான இடத்திலிருந்து எடுத்துக் காலியான இடத்தில் பூசினால் என்ன தெரியும்? அல்லது லேயருக்குப் பக்கத்தில் இருக்கிற, அதன் பகுதிகளை மறைக்கவும் காட்டவும் உதவுகிற மாஸ்க்கின் சின்னப் படம் தேர்வாகியிருக்கும், அதைச் சுற்றி ஒரு சட்டம் தெரியும். அப்போது நீங்கள் பூசுவது படத்தில் விழாது, மாஸ்க்கில் விழும், படத்தின் துண்டுகள் மறைந்து மறைந்து வரும். அசலை உள்ளே பொதிந்துவைத்த ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக இருந்தால் ஃபோட்டோஷாப்பே 'நேரடியாகத் திருத்த முடியாது' என்று ஒரு பெட்டியைக் காட்டும். அந்தப் பெட்டியைப் பார்த்த அவசரத்தில் ராஸ்டரைஸ் செய்து சாதாரண லேயராக மாற்றிவிடாதீர்கள், அதற்கு மேல் ஒரு காலி லேயரைத் திறந்து அங்கே வேலை செய்யுங்கள். இணையத்திலிருந்து இறக்கிய ஜிஃப் படமாக இருந்தால் லேயரின் பெயரே 'இண்டெக்ஸ்' என்று பூட்டோடு இருக்கும். இமேஜ் மெனுவில் மோட் போய் ஆர்ஜிபிக்கு மாற்றினால்தான் மற்றதெல்லாம் திறக்கும். பிரஷ் வட்டத்துக்குப் பதில் ஒரு சின்னச் சிலுவைக் குறி மட்டும் தெரிந்தால் கேப்ஸ் லாக் எரிகிறது என்று அர்த்தம்.

இதில் எதுவும் பெரிய விஷயமில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, மறுநாள் கொடுக்க வேண்டிய வேலையோடு உட்கார்ந்திருக்கும்போது இவை மனிதனை அழவைக்கும். எனக்குத் தெரியும்.

மாமா படத்தில் நான் போட்ட முதல் லேயரின் பெயர் 'தூசி'. தேங்காய் உடைக்கிற இடத்தில் எடுத்த படம், இளநீர்த் துளிகள் லென்ஸில் தெறித்து, படம் முழுக்கச் சின்னச் சின்னப் பளபளப்புப் புள்ளிகள். ஸ்பாட் ஹீலிங்கை எடுத்து, 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, இடது மேல் மூலையிலிருந்து வரிசையாக ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டே வந்தேன். நெற்றியில் இரண்டு, துண்டில் ஐந்தாறு, அந்த விரல்களில் ஒன்று, சுவரில் எண்ணவில்லை. இந்த வேலையில் மூளை ஓய்ந்துவிடும், கை மட்டும் போய்க்கொண்டிருக்கும். புள்ளி எது, பொருள் எது என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

'கம்பி' லேயர் ஐந்து நிமிடம். வானத்தில் போகிற கம்பிக்கு ரிமூவ் டூலைப் போல் எதுவும் இல்லை.

'ஜன்னல்' லேயர்தான் ராத்திரியைத் தின்றது. குடையை எடுத்தால் அதற்குப் பின்னால் ஜன்னல் பலகைகள் வர வேண்டும். பினாங்குக் கடைவீட்டு ஜன்னல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சாய்ந்த மரப்பலகைகள் ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு நிழல் கோடு. இப்படி ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருகிற கோடுகளில் தானாக நீக்குகிற டூல்கள் தடுமாறும். பலகை பாதியில் வளைந்து அடுத்த பலகையோடு சேர்ந்துகொள்ளும், நிழல் கோடு நடுவில் கரைந்துபோகும். கடைவீட்டு முன்புற நடைபாதையான அஞ்சடித் தரையில் இருக்கிற பூ ஓடுகளும் இப்படித்தான். முதலில் கன்டென்ட் அவேர் ஃபில்லில் போட்டுப் பார்த்தேன். குடை இருந்த இடத்தில், ஜன்னலில், பாதித் தேங்காய் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது.

தேங்காய் வந்தது என் கவனக்குறைவால்தான். கன்டென்ட் அவேர் ஃபில்லின் பலகத்தில் படத்தின் மேல் ஒரு பச்சைப் படலம் தெரியும். பச்சையாக இருக்கிற இடத்திலிருந்தெல்லாம் துணுக்குகளை எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். நான் அதைத் தொடாமல் விட்டதால் தேங்காய்க் குவியலும் பச்சையில் இருந்தது. பிரஷ்ஷை எடுத்துத் தேங்காய், வேட்டி, முகம் எல்லாவற்றிலும் இருந்த பச்சையை அழித்துவிட்டு ஜன்னலை மட்டும் மிச்சம் வைத்தேன். தேங்காய் போய்விட்டது. பலகைகள் இன்னும் கோணல்தான்.

கடைசியில் பழைய முதலாளி கற்றுக்கொடுத்த வழிக்கே போனேன். குளோன் ஸ்டாம்ப். 'அலைன்டு' டிக் போட்டு, 'கரண்ட் அண்ட் பிலோ' வைத்து, நன்றாகத் தெரிகிற ஒரு பலகையின் கீழ் விளிம்பில், நிழல் தொடங்குகிற கோட்டின் மேலேயே, ஆல்ட் அழுத்திக் கிளிக் செய்தேன். பிறகு குடை மறைத்த பலகையின் அதே கீழ் விளிம்பு எங்கே வருமோ அங்கே பிரஷ்ஷை வைத்தேன். பிரஷ்ஷுக்குள்ளேயே எடுக்கப்போகிற துண்டு தெரியும், அதில் கோட்டோடு கோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அழுத்த வேண்டும். முதல் தொடுகை பொருந்திவிட்டால், 'அலைன்டு' இருப்பதால், மற்றதெல்லாம் தானாகப் பொருந்தும். ஜன்னல் லேசாகச் சாய்ந்திருந்தது, மூன்று பலகைக்கு ஒரு தடவை புதிதாக ஆல்ட் கிளிக் செய்தேன். பதினோரு பலகைகள். ஓரத்தில் ஒரு பலகை உடைந்து பாதி தொங்கிக்கொண்டிருந்தது, அதையே பக்கத்தில் இன்னொரு தடவை கொண்டுவந்துவிட்டேன். இரட்டையாகத் தெரிகிற அடையாளம்தான் ஒட்டுப்போட்டதைக் காட்டிக்கொடுக்கும். அதை வேறு பலகையால் மூடினேன்.

கண்ணாடிக்கு மறுபடி ரிமூவ் டூல். எடுக்கிற பொருளின் விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் தாராளமாகவே பூச வேண்டும், இறுக்கிப் பூசினால் விளிம்பில் ஒரு சாம்பல் நிற ஆவி நிற்கும். பொருளோடு அதன் நிழலையும் சேர்த்து எடுக்க வேண்டும். நான் கண்ணாடியை எடுத்துவிட்டு வேட்டியில் விழுந்திருந்த அதன் நிழலை மறந்துவிட்டேன். எதன் நிழல் என்று தெரியாமல் ஒரு கரிய வட்டம் வேட்டியில் கிடந்தது.

'கை' லேயருக்கு வந்தபோது விடிந்துவிட்டது. துண்டின் மேல் நான்கு விரல்கள், அவற்றுக்கு நடுவே சிவப்புக் கரை ஓடுகிறது. ஹீலிங் பிரஷ் ஓரங்களில் இருக்கிற நிறத்தையும் வெளிச்சத்தையும் உள்ளே இழுத்துக் கலக்கிற டூல். வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் சிவப்புக் கரை இருந்தால் வெள்ளை முழுக்க ரோஸ் நிறம் இறங்கும். இப்படிப்பட்ட இடத்தில் கரையைச் சுற்றி ஒரு செலக்ஷன் போட்டு, குளோன் ஸ்டாம்பால் கரையை முதலில் கட்டி முடித்து, அப்புறம் செலக்ஷனைத் திருப்பிப்போட்டு வெள்ளையைச் செய்ய வேண்டும். ஹீலிங்கை நடுவில், விளிம்பு தொடாத இடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். துண்டின் மடிப்புகளை வலது தோளிலிருந்து கொண்டுவந்தேன். முடிந்த பிறகு ஒட்டின இடம் மட்டும் வழவழவென்று இருந்தது. போன் படத்தில் இருக்கிற மணல் போன்ற கரகரப்பு அதில் இல்லை, அதனால் லேசாக நாய்ஸ் சேர்த்தேன்.

நடுவில் மச்சான் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். ஏதோ ஓர் ஏஐ செயலியில் போட்டால் பத்து விநாடியில் வந்துவிடுமாமே, ஏன் இவ்வளவு சிரமம் என்று. அவன் சொல்வதில் தப்பில்லை, நானும் தினசரி வேலைக்கு அதைப் பயன்படுத்துகிறேன். சுற்றுலாப் படத்தில் குப்பைத்தொட்டியை எடுக்க அதுவே போதும். இந்தப் படத்திலும் ஒரு பிரதியில் போட்டுப் பார்த்தேன். கை போனது, ஆனால் தோள் இரண்டும் ஒரே உயரத்தில் வந்தன. மாமா சின்ன வயதிலிருந்து மூட்டை தூக்கியவர், இடது தோள் எப்போதும் ஒரு விரல்கடை இறங்கியிருக்கும். அந்தச் செயலிக்கு அது தெரிய வழியில்லை. சுவரையும் வானத்தையும் அது கற்பனை செய்யட்டும். போனவரின் உடம்பைக் கற்பனை செய்ய நான் விடமாட்டேன்.

ஃபோட்டோஷாப்புக்கு மாதா மாதம் பணம் கட்ட முடியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜிம்ப் என்கிற படம் திருத்தும் மென்பொருள் இலவசம், குளோனும் ஹீலும் அதில் உண்டு, 'சாம்பிள் மெர்ஜ்டு' என்ற டிக் இருக்கிறது, காலி லேயரில் வேலை செய்கிற முறை அப்படியே பொருந்தும். அங்கே இரண்டு இடத்தில் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். லேயருக்கு அதற்கென்று ஓர் எல்லை உண்டு, மஞ்சள் புள்ளிக்கோடாகத் தெரியும், அதற்கு வெளியே பூசினால் விழாது. லேயரைப் படத்தின் அளவுக்குப் பெரிதாக்கினால் சரியாகும். அழித்தால் பின்புலம் தெரியாமல் வெள்ளை வந்தால் அந்த லேயருக்கு ஆல்பா சேனல், அதாவது வெறுமையாக விட்டுத் தெரியவைக்கிற வசதி, இல்லை, லேயர் மெனுவிலேயே சேர்க்கலாம்.

மதியம் படத்தை லேப்டாப்போடு எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் அத்தை பார்க்கட்டும் என்று. கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். மடியில் லேப்டாப்பை வைத்தேன். நெடுநேரம் பார்த்தார். முகத்தைத் தொட்டார். பிறகு தோளைப் பார்த்தார்.

"என் கை எங்கப்பா?"

எனக்குப் புரியவில்லை.

"நான் அவர் பின்னாலதான் நின்னேன். கூட்டம் தள்ளுச்சு, விழுந்துடப்போறேன்னு அவர் தோளப் புடிச்சுக்கிட்டேன். நீ என்ன எடுத்துட்டியா?"

மச்சான் எழுந்து வெளியே போய்விட்டான்.

"இருக்கு அத்த. எடுக்கல. மறைச்சுதான் வச்சிருக்கேன்" என்றேன். 'கை' லேயரின் கண் குறியை அணைத்தேன். விரல்கள் வந்தன.

இந்த இடத்தில் நான் பத்து வருடத்துக்கு முன் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். ஒரு கல்யாண ஆல்பத்தில், பேக்ரவுண்டிலேயே நேரடியாக வேலை செய்து, அதே பெயரில் ஜேபெக்காகச் சேமித்து, மணமகளின் பக்கத்தில் நின்ற ஒருவரை எடுத்துவிட்டேன். எடுக்கச் சொன்னவர்களே ஆறு மாதம் கழித்து வந்து அவரைத் திரும்பக் கேட்டார்கள். கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் தனி லேயர், தனிப் பெயர், லேயர்களைத் தனித்தனியாகவே வைத்திருக்கிற பிஎஸ்டி கோப்பாகச் சேமிப்பு என்ற பழக்கம் அன்றைக்கு வந்தது. எல்லா ஒட்டுகளையும் ஒரே லேயரில் செய்திருந்தால் அன்று அத்தைக்கு விரல்களோடு மோட்டார் கண்ணாடியும் குடையும் சேர்ந்துதான் திரும்பி வந்திருக்கும்.

ஆனால் வந்த கை முழுசாக இல்லை. விரல் முட்டிகள் தோளுக்கு மேல் கொஞ்சம் உயர்ந்து ஜன்னல் பக்கம் தெரிந்தவை. 'ஜன்னல்' லேயரில் நான் கொண்டுவந்த பலகைகள் அந்த முட்டிகளின் மேல் ஏறி, அவற்றைக் கத்தியால் சீவிய மாதிரி வெட்டியிருந்தன. அத்தை பக்கத்தில் இருக்கும்போதே அந்த லேயருக்கு மாஸ்க் போட்டு, மெல்லிய கறுப்பு பிரஷ்ஷால் முட்டிகளின் மேல் தடவினேன். ஒவ்வொரு முட்டியாகத் திரும்ப வந்தது.

அத்தை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். தன் இடது கையை ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, படத்தில் இருந்த விரல்களோடு சேர்த்து வைத்தார். மோதிர விரலில் நெளிமோதிரம்.

"இது அவர் போட்டது. அன்னைக்கும் போட்டிருந்தேன்."

படத்தில் மோதிரம் இல்லை. 'கை' லேயர் அணைந்துதான் இருந்தது, ஆனாலும் இல்லை. எந்த லேயர் மறைக்கிறது என்று தெரியாதபோது நான் செய்வது, ஆல்ட் அழுத்திக்கொண்டு கண் குறியைக் கிளிக் செய்வது. அந்த ஒரு லேயர் மட்டும் தெரியும், மற்றதெல்லாம் மறையும். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். 'தூசி' லேயரில், வெற்று வெளியில் நட்சத்திரம் மாதிரி சிதறிக் கிடந்த சின்னச் சின்ன ஒட்டுகளுக்கு நடுவே, தோல் நிறத்தில் ஒன்று. ராத்திரி ஓய்ந்த மூளையோடு இளநீர்த் துளி என்று நினைத்துத் தொட்ட அந்த ஒரு புள்ளி.

தூசி லேயருக்கும் மாஸ்க் போட்டேன். பிரஷ்ஷை ஆறு பிக்சலுக்குக் குறைத்து அந்த இடத்தில் ஒரு தடவை தொட்டேன். 2000 பிக்சல் அகலப் படத்தில் மோதிரம் ஒன்பது பிக்சல்கூட இருக்காது, வெயில் பட்டு ஒரு வெள்ளைக் கீற்று.

"ஆமா" என்றார் அத்தை.

முகத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் வெளிச்சமாக்கச் சொன்னார். கர்வ்ஸை ஏற்றினேன், ஒட்டுகள் எல்லாம் கூடவே ஏறின. மறுநாள் அச்சுக்குக் கொடுத்தேன், சட்டம் போட்டு வர இரண்டு நாள் ஆனது. பதினைந்தாம் நாள் மாலை, காகிதத்தில் சுற்றிய படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அத்தை வீட்டுக்கு ஃபெர்ரிப் படகில் போனேன்.